லேபிள் வெட்டிய சட்டை: பிள்ளைக்கு என்ன பதில் சொல்வது?

நொய்யல்கரை | நவம்பர் 16, இரவு 10.20

திருப்பூரில் ஓர் ஏற்றுமதி பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். பதினாறு ஆண்டு வேலை. தைத்து வரும் ஒவ்வொரு பீஸையும் புரட்டிப் பார்த்து, எண்ணெய்க் கறை, ஊசி ஓட்டை, தையல் விட்ட இடம் எதுவானாலும் கண்டுபிடித்து ஒதுக்க வேண்டும். இதை முதலில் சொல்லக் காரணம் இருக்கிறது.

மகன் தனியார் மெட்ரிக் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறான். குழந்தைகள் தினத்துக்குக் கலர் டிரஸ்ஸில் வரலாம் என்று அறிவித்திருந்தார்கள். ஒரு வாரமாகவே ஒரு பன்னாட்டு நிறுவனத்தின் பெயரைச் சொல்லி, மார்பில் அதன் குறி போட்ட டி-ஷர்ட் வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தான். கடையில் விலை பார்த்தேன்: 2,700 ரூபாய். அதே நிறுவனத்துக்கு நாங்களே தைத்து அனுப்பியிருக்கிறோம். அந்தத் துணியும் அந்தக் கழுத்துப்பட்டியும் என் கை வழியாகப் போனவை. அதனால் ஏற்றுமதி மிச்சத் துணிகள் விற்கும் காதர்பேட்டைக்குப் போய் அதே ரகத்தில் மிச்சப் பீஸ் ஒன்றை 220 ரூபாய்க்கு வாங்கி வந்தேன். டியூப்லைட் வெளிச்சத்தில் உள்ளும் புறமும் பார்த்தேன். ஒரு பழுதும் இல்லை. ஊர்க்காரர்களுக்குத் தெரியும், உள்ளூரில் விற்கும் இந்த மாதிரிப் பீஸ்களில் கழுத்து லேபிளை வெட்டிவிடுவார்கள். வெட்டியது போக மிச்சம் தையலில் ஒட்டிக்கொண்டிருக்கும்.

காலையில் மகிழ்ச்சியாகத்தான் போட்டுக்கொண்டு போனான். மாலையில் வந்தவன் யாரிடமும் பேசவில்லை. சட்டையைச் சுருட்டிக் கட்டிலுக்கு அடியில் எறிந்துவிட்டான். இரவில் அவன் அம்மாவிடம்தான் வாய் திறந்தான். பிரேயர் முடிந்து வரிசையில் போகும்போது, பின்னால் நின்ற ஒருவன் கழுத்தைப் பிடித்து இழுத்து உள்ளே திருப்பிப் பார்த்திருக்கிறான். “இது ரிஜெக்ட் பீஸ்” என்று வரிசைக்கே கேட்கும்படி சொல்லியிருக்கிறான். அன்றிலிருந்து வகுப்பில் என் மகன் பெயர் ‘ரிஜெக்ட்’.

வேலையில் நான் ஒரு நாளைக்கு நூறு முறை சொல்லும் சொல் அது. அதைச் சொல்லி என் பிள்ளையைக் கூப்பிடுகிறார்கள் என்று கேட்டபோது நெஞ்சு அடைத்துவிட்டது.

டிசம்பரில் பள்ளிச் சுற்றுலா வருகிறது. அதற்கும் கலர் டிரஸ்தானாம். கடன் வாங்காமல் 2,700 ரூபாய் கொடுக்க என்னால் முடியும். ஆனால் கொடுப்பது சரிதானா என்று தெரியவில்லை. இந்த வயதுப் பிள்ளைகளை வளர்த்தவர்கள், பாடம் நடத்துபவர்கள் சொல்லுங்கள்.

கரிசல்காடு | நவம்பர் 16, இரவு 11.05

வாங்கிக் கொடுத்துவிடுங்கள் ஐயா. நான் ஒரே காக்கிக் கால்சட்டையோடு ஆறு முதல் எட்டு வரை படித்தவன். பின்புறம் கிழிந்து ஒட்டுப் போட்டதைப் பார்த்துச் சிரித்தவர்களின் முகம் நாற்பது வருடம் கழித்தும் கண்ணில் நிற்கிறது. கொள்கையை நாம் வைத்துக்கொள்ளலாம். அதற்கான விலையைப் பிள்ளை கொடுக்கக் கூடாது.

முப்பதாம் நம்பர் நூல் | நவம்பர் 17, காலை 7.40

நானும் திருப்பூர்தான். மெர்ச்சன்டைசராக, அதாவது ஏற்றுமதி ஆர்டர்களைப் பார்த்துக்கொள்பவராக இருக்கிறேன். லேபிளை ஏன் வெட்டுகிறார்கள் என்பதை வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன். தெரிந்தால் விவாதம் தெளிவாகும்.

வெளிநாட்டு நிறுவனத்திடமிருந்து ஓர் ஆர்டர் வந்தால், பழுது போகும் என்பதால் கேட்ட எண்ணிக்கையைவிடக் கொஞ்சம் கூடுதலாக வெட்டித் தைப்போம். பழுது குறைவாக இருந்தால் நல்ல பீஸ்களே மிஞ்சும். சில சமயம் கப்பல் தேதி தவறி ஆர்டரே நின்றுபோகும். இவையெல்லாம் உள்ளூர்ச் சந்தைக்கு வருகின்றன. துணி எங்களுடையது, உழைப்பு எங்களுடையது. பெயர் மட்டும் வாங்குபவருடையது. அந்தப் பெயரோடு விற்க எங்களுக்கு உரிமை இல்லை என்பதால் கழுத்தில் கத்தரி விழுகிறது. ஆகவே லேபிள் வெட்டப்பட்டிருப்பது பழுதின் அடையாளமே அல்ல. உங்கள் மகனைக் கேலி செய்த பையனுக்கு இது தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

எங்கள் ஸ்டோரில் துணி உருளைகள் திறந்த இடத்தில் கிடக்கும், லேபிள் பெட்டிக்கு மட்டும் பூட்டு உண்டு. வாங்குபவர் கைகாட்டிய இடத்திலிருந்துதான் லேபிள் வாங்க வேண்டும். எண்ணி வரும், எண்ணிக் கொடுப்போம், மிஞ்சியதைக் கணக்குக் காட்டி அழிப்போம். அங்கே கடையில் தொங்கப்போகும் விலைச்சீட்டைக்கூட இங்கேயே குத்தி அனுப்புவதால், பீஸுக்கு இத்தனை ரூபாய் என்று கூலி வாங்கும் அக்காமார் யூரோ விலையைப் பார்த்துக்கொண்டேதான் மடிக்கிறார்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தயாரித்தவர் பெயர் ஒரு காலத்தில் துணிக்கு உள்ளேதான் இருந்தது. பிரெஞ்சு டென்னிஸ் வீரர் ரெனே லாகோஸ்ட் 1933இல் தொடங்கிய நிறுவனம் சட்டை மார்பில் முதலையைத் தைத்தது. லீவைஸ் 1936இல் பின்பாக்கெட்டில் ஒரு சிவப்பு நாடாவை வைத்துத் தைத்தது; தூரத்திலிருந்தே தன் ஜீன்ஸ் தெரிய வேண்டும் என்பதுதான் நோக்கம். நைக்கியின் வளைவுக் குறியை 1971இல் கரோலின் டேவிட்சன் என்ற மாணவி 35 டாலருக்கு வரைந்து கொடுத்தார். சட்டைக்கு உள்ளே இருந்த பெயர் இப்படிப் படிப்படியாக வெளியே வந்தது. வகுப்பறையில் எல்லோரும் பார்ப்பது வெளியே இருப்பதைத்தான். உள்ளே இருக்கும் தையலைப் பார்க்க நம்மைப் போன்றவர்களுக்குத்தான் கண் பழகியிருக்கிறது.

ஆவாரம்பூ | நவம்பர் 17, மாலை 4.15

எனக்குப் பத்தொன்பது வயது. போன ஆண்டுதான் பிளஸ் டூ முடித்தேன். பெரியவர்கள் பேசும் இடத்தில் எழுதத் தயக்கமாக இருக்கிறது. ஆனால் இங்கே இதுவரை யாரும் சொல்லாத ஒன்று இருக்கிறது.

பிராண்ட் கேட்கும் பிள்ளைகள் எல்லோரும் பகட்டுக்காகக் கேட்பதில்லை. மற்றவர்களைவிட உயர்வாகத் தெரிய வேண்டும் என்று நினைப்பவர்கள் வகுப்புக்கு மூன்று நான்கு பேர் இருப்பார்கள். மீதிப் பேர் கேட்பது யார் கண்ணிலும் படாமல் இருப்பதற்காக. எல்லோரும் போட்டிருப்பதையே நானும் போட்டால் என்னை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அந்த நிம்மதிக்காகத்தான் வீட்டில் அடம்பிடிக்கிறோம். அப்பா அம்மா அதை ஆடம்பரம் என்று திட்டும்போது, நிஜக் காரணத்தைச் சொல்ல வாய் வராது. ‘என்னைக் கேலி செய்கிறார்கள்’ என்று சொல்வதைவிட ‘எனக்கு அது பிடித்திருக்கிறது’ என்று சொல்வது எளிது.

எங்கள் வகுப்பில் நடந்ததைச் சொல்கிறேன். பிரிவு விழாவுக்குப் பெண்கள் எல்லோரும் புடவை என்று முடிவானது. அதுவரை சரி. பிறகு ஒரே நிறச் சாயல் என்றார்கள். பிறகு ரவிக்கையில் ஆரி வேலைப்பாடு இருக்க வேண்டும் என்று வாட்ஸ்அப் குழுவில் படங்கள் வரத் தொடங்கின. கட்டாயம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் ஒவ்வொருத்தியும் தன் ரவிக்கைப் படத்தைப் போட்டபோது, போடாதவர்கள் யார் என்பது தானாகத் தெரிந்தது. புடவையை அம்மாவிடம் வாங்கிக் கட்டிவிடலாம். ஆரி ரவிக்கைக்கு எங்கள் ஊரில் தையற்கூலியே இரண்டாயிரத்துக்கு மேல் கேட்டார்கள். ஏழு வருடம் என் பக்கத்தில் உட்கார்ந்து படித்தவள் அன்று காய்ச்சல் என்று வரவில்லை. எங்கள் கடைசி வகுப்புப் புகைப்படத்தில் அவள் இல்லை. அவளுக்குக் காய்ச்சல் இல்லை என்று எனக்குத் தெரியும். நான் ஆரி ரவிக்கையில்தான் நின்றேன். அந்தப் படத்தை இன்னும் என்னால் பார்க்க முடியவில்லை.

அண்ணா, உங்கள் மகனிடம் சட்டை பற்றிப் பேசுவதற்கு முன்னால், அன்று அவன் பக்கத்தில் யார் நின்றார்கள் என்று கேளுங்கள்.

கரும்பலகை | நவம்பர் 17, இரவு 9.30

ஆவாரம்பூ, தயங்காமல் எழுதம்மா. நீ எழுதியதை நாளை ஆசிரியர் அறையில் படித்துக் காட்டப் போகிறேன்.

அரசு உயர்நிலைப் பள்ளியில் இருபத்தொரு ஆண்டுகளாகப் பாடம் நடத்துகிறேன். சீருடை எதற்காக வந்தது என்பதை நினைவுபடுத்த விரும்புகிறேன். காமராசர் முதல்வராக இருந்தபோது, நெ.து. சுந்தரவடிவேலு பொதுக்கல்வி இயக்குநராக இருந்த காலத்தில், பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் ஊர் ஊராக நடந்தன. கட்டடம், மேசை, கரும்பலகை என்று ஊர் மக்களே கொண்டுவந்து கொடுத்தவற்றில் சீருடைத் துணியும் இருந்தது. பண்ணையார் பிள்ளையும் கூலிக்காரர் பிள்ளையும் உடுப்பால் பிரிந்து தெரியக் கூடாது என்பதுதான் நோக்கம். பிற்பாடு சத்துணவு சாப்பிடும் பிள்ளைகளுக்கு அரசே இலவசச் சீருடை கொடுத்தது. 2012–13 கல்வியாண்டிலிருந்து எட்டாம் வகுப்பு வரை ஆண்டுக்கு நான்கு இணை. தறி ஓட்டுபவருக்கும் வேலை, பிள்ளைக்கும் மானம். இதைவிட நல்ல திட்டத்தை நான் பார்த்ததில்லை.

ஆனால் பிள்ளைகளின் கண் கூர்மையானது. சீருடையைப் போட்டு மூடினால், மூடாத இடத்தைத் தேடிக் கண்டுபிடிப்பார்கள். கடையில் மீட்டர் கணக்கில் வாங்கிய துணிக்கும் இலவசத் துணிக்கும் நிறம் ஒரு சாயல் வேறுபடும். நமக்குத் தெரியாது, ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும். அதன்பின் கைக்கடிகாரம், தண்ணீர்ப் பாட்டில், பை, ஷூ. ஆண் பிள்ளைகள் கால்சட்டையை இறுக்கமாகப் பிடித்துத் தைத்து வருகிறார்கள். தலைமுடியைப் பக்கவாட்டில் ஒட்ட வழித்துவிட்டு மேலே குருவிக்கூடு மாதிரி நிறுத்துகிறார்கள். பத்து ஆண்டுகளுக்கு முன்பு, இப்படிப் பிடித்துத் தைத்த கால்சட்டையின் தையலை வகுப்பிலேயே பிளேடால் பிரித்துவிட்ட ஆசிரியர்களில் நானும் ஒருத்தி. ஒழுங்கு என்று நினைத்துத்தான் செய்தேன். அந்தப் பையன் அன்று முழுவதும் பையைத் தொடைமேல் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான். அவனை அவமானப்படுத்தியது அவன் வகுப்பு மாணவர்கள் அல்ல, நான். அதற்குப் பிறகு நான் பிளேடைத் தொட்டதில்லை.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். கலர் டிரஸ் நாள் என்பது பெரியவர்கள் வைத்தது. பள்ளி நிர்வாகம் ஒரு நாள் சீருடையை விலக்கும்போது, அந்த ஒரு நாளில் எந்தப் பிள்ளை எவ்வளவு சங்கடப்படும் என்று யோசிப்பதில்லை. பிறந்த நாளுக்குக் கலர் டிரஸ்ஸும் வகுப்புக்கே சாக்லேட்டும் என்ற வழக்கமும் இப்படித்தான். பிறந்த நாளன்று விடுப்பு எடுக்கும் பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். ஆகவே சுற்றுலாவுக்கு என்ன உடை என்பதைப் பிள்ளையோடு பேசாதீர்கள். பள்ளியோடு பேசுங்கள்.

கரிசல்காடு | நவம்பர் 17, இரவு 10.10

டீச்சர் சொல்வது நியாயம். ஆனால் தனியார் பள்ளியில் ஒரு பெற்றோர் போய்ப் பேசினால் கேட்பார்களா? பேசியவரின் பிள்ளை மேல்தான் கண் விழும்.

தேம்ஸ் அக்கா | நவம்பர் 18, அதிகாலை 3.15

லண்டன் ஈஸ்ட் ஹாமில் இருக்கிறேன், இரண்டு பிள்ளைகளின் தாய். இங்கேயும் சீருடை உண்டு, இங்கேயும் இதே வலி உண்டு என்பதால் எழுதுகிறேன்.

இங்கே குளிர்காலத்தில் சீருடைக்கு மேல் கோட் போட்டே ஆக வேண்டும். ஒப்பீடு அந்தக் கோட்டில் வந்து உட்கார்ந்துகொண்டது. 2018இல் பிர்கன்ஹெட் ஊரில் உட்சர்ச் உயர்நிலைப் பள்ளி, கனடா கூஸ், மான்க்ளர் போன்ற விலை உயர்ந்த கோட்டுகளைப் பள்ளிக்குப் போட்டு வரக் கூடாது என்று தடுத்தது. சில நூறு பவுண்டு விலையுள்ள கோட்டுகள் அவை. வாங்க முடியாத பிள்ளைகள் கூனிக் குறுகக் கூடாது என்று நிர்வாகமே வெளிப்படையாகச் சொன்னது. பிள்ளைகளிடமும் பெற்றோரிடமும் முன்கூட்டியே பேசிவிட்டுத்தான் செய்தார்கள்.

இன்னொரு பக்கமும் உண்டு. பள்ளியே தன் சின்னம் பதித்த பிளேசர், விளையாட்டு உடை, காலுறை என்று ஒரே கடையில்தான் வாங்க வேண்டும் என்று வைத்துவிட்டால், சீருடையே ஒரு பிராண்ட் ஆகிவிடும். அதைக் கட்டுப்படுத்த இங்கிலாந்தில் 2021இல் சட்டம் வந்தது. சின்னம் பதித்த உடுப்புகளைக் குறைக்க வேண்டும், பழைய சீருடை கிடைக்க வழி செய்ய வேண்டும் என்று பள்ளிகளுக்கு வழிகாட்டுதல் கொடுத்தார்கள். என் சின்னவன் போடும் பிளேசர் வேறொரு வீட்டுப் பிள்ளை போட்டது. பள்ளி வாசலில் வெள்ளிக்கிழமை மேசை போட்டு விற்கிறார்கள், எல்லோரும் வாங்குகிறோம். எல்லோரும் வாங்குவதால் அதில் வெட்கம் இல்லை.

கேட்டால்தான் கிடைக்கும், தம்பி. தனியாகப் போகாதீர்கள். நான்கு பெற்றோராகப் போங்கள்.

தாமிரபரணி | நவம்பர் 18, காலை 8.50

திருநெல்வேலிப் பக்கத்து ஆசிரியன். பேச்சு சற்று விலகுகிறது என்றால் பொறுத்துக்கொள்ளுங்கள். எனக்கு இது ஒரே பேச்சாகத்தான் தெரிகிறது.

எங்கள் பக்கத்தில் பல பிள்ளைகளுக்கு லேபிள் கழுத்தில் இல்லை, மணிக்கட்டில் இருக்கிறது. எந்த நிறக் கயிறு கட்டியிருக்கிறான் என்று பார்த்தாலே எந்தச் சாதி என்று தெரிந்துவிடும். கயிறு கட்டாதவனை ‘நீ எந்தப் பக்கம்?’ என்று கேட்பார்கள். பதின்மூன்று வயதுப் பிள்ளை அந்தக் கேள்விக்குப் பயந்தே ஒரு கயிற்றைக் கட்டிக்கொள்கிறான். ஆவாரம்பூ சொன்னாளே, யார் கண்ணிலும் படாமல் இருக்கத்தான் என்று, அதேதான். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் உடன் படிக்கும் மாணவர்களே ஒரு பட்டியலினப் பையனை வீடு புகுந்து வெட்டினார்கள், தடுக்க வந்த தங்கையையும் வெட்டினார்கள். அதன்பின் அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில் சாதியைக் காட்டும் வண்ணக் கயிறு, மோதிரம், நெற்றிக் குறி ஆகியவற்றைப் பள்ளியில் தடுக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. அப்போது சிலர் இது சிறிய விஷயம் என்றார்கள். ஒரு பிள்ளையின் கழுத்தையோ கையையோ இன்னொரு பிள்ளை பிடித்துத் திருப்பி ‘நீ யார்’ என்று பார்க்கும் பழக்கம் சிறிய விஷயம் இல்லை.

உங்கள் மகனின் சட்டைக் கழுத்தைப் பிடித்து இழுத்திருக்கிறார்கள். அதை வகுப்பு ஆசிரியரிடம் கட்டாயம் சொல்லுங்கள். துணியின் விலை பற்றிய புகாராகச் சொல்ல வேண்டாம். மேலே கை வைத்தார்கள் என்று சொல்லுங்கள்.

நொய்யல்கரை | நவம்பர் 20, இரவு 11.10

எல்லோருக்கும் நன்றி. ஒவ்வொரு பதிவையும் இரண்டு முறை படித்தேன்.

நேற்று பாதி நாள் விடுப்புப் போட்டு வீட்டில் இருந்தேன். கம்பெனிக்கே கூட்டிப்போய்க் காட்டலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் பதினெட்டு வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளையை எங்கள் தையல் பிரிவுக்குள் விட மாட்டார்கள். குழந்தைத் தொழிலாளர் இல்லை என்று ஆடிட்டில் காட்ட வேண்டும், அது நல்ல விதி. அதனால் கட்டிலுக்கு அடியில் கிடந்த சட்டையை எடுத்து மேசைமேல் உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி வைத்தேன். கழுத்தில் நாடா எப்படி ஓடுகிறது, தோளில் ஏன் தனி நாடா வைக்கிறோம், பக்கத் தையலில் ஓர் அங்குலத்துக்கு எத்தனை தையல் விழ வேண்டும் என்று விரல் வைத்துக் காட்டினேன். ஆர்வமாகத்தான் பார்த்தான். எண்ணியும் பார்த்தான். பிறகு சொன்னான்:

“எனக்குத் தெரியுது அப்பா” என்று தொடங்கியவன் அழுதுவிட்டான். “இது நல்ல சட்டை என்று எனக்குத் தெரியும். அவர்களுக்குத் தெரியாதே.”

எனக்குப் பதில் இல்லை. பதினாறு வருடம் துணி பார்த்தவனுக்கு அந்த ஒரு வாக்கியத்துக்குப் பதில் இல்லை.

ஆவாரம்பூ கேட்கச் சொன்னதைக் கேட்டேன். ஒருவன் மட்டும் பக்கத்தில் நின்றானாம். அவனும் பனியன் கம்பெனிக்காரர் மகன். அவன் அம்மா ஓவர்லாக் தையல் இயந்திரம் ஓட்டுகிறார். ‘என் சட்டையும் அதேதான்’ என்று தன் கழுத்தைத் திருப்பிக் காட்டியிருக்கிறான். அதைச் சொல்லும்போதுதான் என் மகன் முகம் கொஞ்சம் தெளிந்தது.

அந்தப் பையனின் அப்பாவிடம் இன்று பேசினேன். அவரும் இன்னும் இரண்டு பெற்றோரும் வருவதாகச் சொன்னார்கள்.

முப்பதாம் நம்பர் நூல் | நவம்பர் 21, காலை 7.15

உங்கள் மகனின் அந்த வாக்கியம் என்னைத் தூங்கவிடவில்லை. இந்த ஊரில் பள்ளிக்குப் பள்ளி பாதிப் பிள்ளைகள் பனியன் தொழில் குடும்பம். நாம் தைப்பதைக் கொண்டே நம் பிள்ளைகள் ஒருவரை ஒருவர் தரம் பிரிக்கிறார்கள். ஒன்பதாம் வகுப்புக்கு ஒரு மணி நேரம் கொடுத்தால், நூலிலிருந்து சட்டை வரை சாமான்களோடு வந்து சொல்லித் தருகிறேன். கூலி எதுவும் வேண்டாம். போகும்போது தலைமை ஆசிரியரிடம் இதையும் கேளுங்கள்.

ஆவாரம்பூ | நவம்பர் 21, மாலை 5.40

கழுத்தைத் திருப்பிக் காட்டிய அந்தத் தம்பிக்கு என் அன்பைச் சொல்லுங்கள் அண்ணா. அன்று எங்கள் வகுப்பில் அப்படி ஒருத்தி இருந்திருந்தால் அவள் வந்திருப்பாள். அது நானாக இருந்திருக்க வேண்டும்.

நொய்யல்கரை | டிசம்பர் 7, இரவு 9.50

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன், பலர் தனிச் செய்தியில் கேட்டீர்கள்.

நான்கு பெற்றோர் போனோம். கரிசல்காடு ஐயா பயந்ததுபோல் ஒன்றும் நடக்கவில்லை. முதல்வர் அம்மா முழுவதும் கேட்டார். சுற்றுலாவுக்குக் கலர் டிரஸ் வேண்டாம், விளையாட்டு வகுப்புக்குப் போடும் ஹவுஸ் டி-ஷர்ட் போதும் என்று ஒத்துக்கொண்டார். கூட்டத்தில் பிள்ளைகளை அடையாளம் காண்பதும் எளிது என்றார். குழந்தைகள் தினக் கலர் டிரஸ்ஸை நிறுத்த அவருக்கு மனமில்லை. பிள்ளைகள் அதை எதிர்பார்க்கிறார்கள் என்கிறார். அதை அடுத்த ஆண்டு மறுபடியும் கேட்போம். நூல்காரரின் வகுப்புக்கு ஜனவரியில் ஒரு சனிக்கிழமை தருவதாகச் சொல்லியிருக்கிறார். கழுத்தைப் பிடித்த பையனை வகுப்பு ஆசிரியர் தனியாகக் கூப்பிட்டுப் பேசியிருக்கிறார், எல்லோர் முன்னிலையிலும் நிறுத்தவில்லை. அதற்கு அவருக்கு நன்றி சொன்னேன்.

‘ரிஜெக்ட்’ என்ற பெயர் முழுவதும் போய்விட்டதா என்றால், இல்லை. குறைந்திருக்கிறது என்கிறான். 2,700 ரூபாய்ச் சட்டையை வாங்கவில்லை. அவனும் அதன்பின் கேட்கவில்லை.

நேற்று அதிகாலை நான்கரை மணிக்கு அவனைப் பள்ளி வாசலில் விட்டேன். பஸ்ஸுக்குப் பக்கத்தில் ஹவுஸ் டி-ஷர்ட் போட்டு நாற்பது பிள்ளைகள் நின்றார்கள். கால்களில் விதவிதமான ஷூக்கள், அதையும் பார்த்தேன். அந்த ஓவர்லாக் அம்மாவின் மகன் ஜன்னல் ஓர இருக்கையைப் பிடித்துவைத்துக் கையைக் காட்டிக் கூப்பிட்டான். இவன் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஏறி ஓடிவிட்டான்.